அகத்தியமலைக் காந்தமானியும் யூ.எஸ்.பி. கேபிளும்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் வழியாக அகத்தியகூடத்துக்கு ஏறிச் செல்வோர் அகத்திய முனிவரை நினைத்து நடப்பது இயல்பே. ஆயினும் அதே மலைமீது, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆதரவில் ஒரு காந்த ஆராய்ச்சி நிலையம் நடந்து வந்ததென்பதும், தூரத்தே பிரிந்து நிற்கும் இரு கருவிகளை ஒப்பிட்டுப் பிழை காணும் தொழிலுக்கு நம் பக்கத்தில் அது ஒரு மூத்த உதாரணமென்பதும் நினைவிற் கொள்ளத் தக்கவை.

சுவாதித் திருநாள் காலத்தில், 1837ல் ஏற்பட்ட திருவனந்தபுரம் வானசாஸ்திர நிலையத்துக்கு, முதல் தலைவரான ஜான் கால்டிகாட் மறைந்த பிறகு, ஸ்காட்லாந்து தேசத்தவரான ஜான் ஆலன் ப்ரௌன் 1852ல் வந்து பொறுப்பேற்றார். பூமியின் காந்த மத்திய ரேகைக்கு இந்நகரம் சமீபமாக இருப்பதால், திசைகாட்டும் காந்தம் நாள்தோறும் சிறிது கிழக்கும் மேற்குமாக அசைவதை இங்கே கவனிப்பதற்குத் தனி மதிப்புண்டு. அந்த அசைவு சமவெளியிலும் மலையுச்சியிலும் ஒரே விதமாக நிகழ்கிறதா என்று அறியவே, 1855ல் அவர் அகத்தியமலையில் இரண்டாவது நிலையத்தை நிறுவினார். அவர் 1865ல் விடைபெற்றுச் சென்ற பின்னும் அளவீடு தொடர்ந்தது. 1852 முதல் 1869 வரையிலான காந்த அளவீடுகளைக் கொண்ட அவருடைய நூல் 1874ல் லண்டனில் வெளிவந்தது.

அக்காலத்துக் காந்தமானியில் காந்தக்கோல் முறுக்கு நீக்கிய பட்டிழையில் தொங்கும். மலைமீதும் சமவெளியிலும் எடுத்த அளவுகள் வேறுபடுமாயின், அவ்வேறுபாடு இயற்கையினுடையதா, அன்றிப் பட்டிழையில் மிஞ்சிய முறுக்கினாலா, அருகில் வைத்த இரும்பினாலா, கடிகாரங்கள் ஒத்துப் போகாமையினாலா என்று ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே எந்தத் தீர்ப்பும் சொல்ல இயலும். இந்தக் கிரமமே என் மனத்தைக் கவர்வது. 1990ல் டெக்னோபார்க் தோன்றிய அதே திருவனந்தபுரத்தில், ஒரு சிறு எம்பெடெட் போர்டை யூ.எஸ்.பி. கேபிளால் கணினியோடு இணைத்துவிட்டு, பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பியும் பதில் வராமல் உட்கார்ந்திருக்கும் இளம் பொறியாளருக்கு வேண்டியதும் இதுவே என்பது என் துணிபு.

அவர் கையாளும் தொழிலுக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. 1960ல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 தொடர் இணைப்பில், ஒருபுறத்து அனுப்பும் கம்பியை மறுபுறத்துப் பெறும் கம்பியோடு மாற்றிக் கட்டத் தவறினால் பேச்சே நிகழாது. அதன்மேல் இணைய நெறியைச் செலுத்தும் 'ஸ்லிப்' என்ற எளிய முறை 1988ல் எழுத்தில் பதிவாயிற்று. 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. பிறந்தது, அதன் சிருஷ்டியில் வடோதராவில் பிறந்த அஜய் பட் அவர்களின் பங்கு பெரிது. 2002ல் விற்பனைக்கு வந்த ஷார்ப் ஸாரஸ் என்ற லினக்ஸ் கைக்கருவி, கணினியோடு பேச அந்தக் கேபிளையே ஒரு வலையமைப்பாகப் பாவித்தது. இவ்வகை இணைப்புக்கு மைக்ரோசாப்ட் ஆர்.என்.டி.ஐ.எஸ். என்றொரு முறையை வகுக்க, யூ.எஸ்.பி. சங்கத்தார் ஈ.சி.எம். என்றும் பின்னர் என்.சி.எம். என்றும் வேறு முறைகளை வகுத்தனர். கருவி ஒரு முறையில் பேசிக் கணினி வேறொன்றை எதிர்பார்க்கும் தொல்லை இன்றும் தீர்ந்தபாடில்லை. விண்டோஸ் சில வேளைகளில் வலையமைப்புக் கருவியையே தொடர் முனையம் என்று பிறழ உணர்ந்துவிடுகிறது.

ஆகவே கிரமம் கேபிளிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளில் கம்பிகள் நான்கு: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. மலிவான சார்ஜர் கேபிள்களில் தகவற் கம்பிகளே இல்லாதிருப்பதுண்டு. போர்டில் விளக்கு எரியும். கணினியின் கெர்னல் பதிவேட்டில் ஒரு வரிகூடத் தோன்றாது. வரி தோன்றினால் அடுத்தது டிரைவர். டிரைவர் அமர்ந்தால் அடுத்தது இணைய நெறி முகவரி. பீகிள்போன் என்னும் எம்பெடெட் போர்டு தனக்கு 192.168.7.2 என்றும் கணினிக்கு 192.168.7.1 என்றும் வைத்துக்கொள்கிறது. வீட்டு ரூட்டரும் அதே வரிசையைப் பயன்படுத்துமாயின், கேபிள்வழி செல்ல வேண்டிய பொட்டலம் வைஃபை வழியே சென்று மறைந்துபோகக்கூடும்.

இவையனைத்தும் சரியாயிருந்தும், நேற்றுப் பேசிய கருவி இன்று பேசாதிருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அனுபவசாலிகளையும் திகைக்க வைப்பது அதுவே. யூ.எஸ்.பி. கேபிளை வலையமைப்பாக்கும் லினக்ஸின் ஜி-ஈதர் பகுதி, வேறு கட்டளை இல்லாவிடில், ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் மேக் முகவரி என்ற வலையமைப்பு அடையாள எண்ணை எதேச்சையாகத் தெரிந்தெடுத்துக் கொள்கிறது. பல லினக்ஸ் கணினிகளில் இணைப்பின் பெயரே அந்த முகவரியைக் கொண்டு அமைவதால், கருவி மறுபடி கிளம்பியதும் கணினிக்கு அது முன்பின் அறியாத அந்நியனாகிவிடுகிறது. முந்தின நாள் எழுதி வைத்த அமைப்பு எதுவும் அதனிடம் செல்லுபடியாவதில்லை. கருவிப் பக்கத்துக்கும் கணினிப் பக்கத்துக்கும் தனித்தனியே நிலையான மேக் முகவரியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் இந்தத் துன்பம் அகலும்.