முரசும் கொம்பும்

1688ஆம் ஆண்டு, கரீபியத் தீவாகிய பார்படோசில் ஆங்கிலேயக் குடியேற்றத்தார் அடிமைகளை ஆள்வதற்கென ஒரு சட்டம் இயற்றினர். அடிமைகள் முரசோ, கொம்போ, உரத்து ஒலிக்கும் பிற கருவிகளோ வைத்திருத்தல் ஆகாது; கண்டெடுத்தால் எரித்துவிட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஓசையால் ஒருவரையொருவர் அழைத்துக் கிளர்ச்சிக்குத் திரள்வர் என்ற அச்சமே காரணம். இசையின் ஆற்றலைக் கரும்புத் தோட்ட முதலாளிகள் நன்கு அறிந்திருந்தனர்.

ஷபாகா ஹட்சிங்ஸ் 1984இல் லண்டனில் பிறந்து, ஆறாம் வயது முதல் பார்படோசில் வளர்ந்தவர். சாக்சபோன், கிளாரினெட், குழல் எனப் பல கருவிகளில் தேர்ந்தவர். 2011இல் அவர் லண்டனில் தொடங்கிய 'சன்ஸ் ஆஃப் கெமெட்' என்னும் ஜாஸ் குழுவின் அமைப்பைச் சற்று நோக்குவோம். ஜாஸில் நாம் வழக்கமாக எதிர்பார்க்கும் பியானோ இல்லை, கிதாரும் இல்லை. ஊதுகருவியுடன் ஹட்சிங்ஸ், ஒரு டியூபா, இரண்டு டிரம்ஸ், அவ்வளவே. அடித்தள நாதத்தை, நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலங்களிற் போல, டியூபா தாங்குகிறது. சாக்சபோன் நீண்ட ஆலாபனையை விடுத்துச் சிறு சொற்கட்டுகளைத் திரும்பத் திரும்ப முழக்கி, தானும் ஒரு தாளக் கருவியாகிவிடுகிறது. அன்றைய சட்டம் எரிக்கச் சொன்ன முரசும் கொம்புமே இங்குக் குழுவாகி நிற்கின்றன. இவ்வொப்புமை திட்டமிட்டதா என்பது வேறு கேள்வி; வரலாறு அறிந்த செவி அதைக் கேளாதிருக்க இயலாது.

2018இல் வெளிவந்த இவர்களது இசைத்தொகுப்பின் பெயர் 'யுவர் குயின் இஸ் எ ரெப்டைல்'. உங்கள் அரசி ஊர்வன இனத்தவள் என்பது பொருள். பிறப்பால் வரும் ஆளும் உரிமையை மறுத்து, ஒன்பது உருப்படிகளுக்கும் தாம் ஏற்கும் அரசியரின் பெயர்களைச் சூட்டினார் ஹட்சிங்ஸ். 1900இல் ஆங்கிலேயரை எதிர்த்து அசாந்தியர் போரை நடத்திய யா அசாந்தேவா, அடிமைகளை விடுவித்த ஹாரியட் டப்மன், தென்னாப்பிரிக்க விடுதலைப் போராளி ஆல்பர்டினா சிசுலு ஆகியோர் அவர்களுள் சிலர். முதலிடம் அவருடைய பூட்டி ஏடா ஈஸ்ட்மனுக்கு. இறுதியிடம், 1993இல் லண்டனில் நிறவெறியர் கொன்ற ஸ்டீபன் லாரன்ஸின் தாய் டோரீனுக்கு. புகழ்பெற்ற போராளிகளின் வரிசையில், வீட்டு நினைவில் மட்டும் வாழ்ந்த ஒரு மூதாட்டி தலைமை கொள்வதே இத்தொகுப்பின் வரலாற்றுப் பார்வை என்று கருதுகிறோம்.

2021 நவம்பர் 30 அன்று, பிரித்தானிய அரசியைத் தன் நாட்டுத் தலைவர் நிலையிலிருந்து நீக்கிப் பார்படோஸ் குடியரசாயிற்று. குழு 2022இல் தன் பயணத்தை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. 2023 இறுதியில் சாக்சபோனையும் ஒதுக்கிவைத்து, ஹட்சிங்ஸ் குழலிசைக்குத் திரும்பினார்.

ஆவணங்களில் எஞ்சியிருப்பது தடை விதித்தவரின் சொல். தடுக்கப்பட்டோரின் முழக்கத்தை நாம் இத்தகைய இசையில்தான் தேட வேண்டியிருக்கிறது.