வாய்க்காலுக்கு மேற்கே

வரலாற்று நூல்களைப் புரட்டினால் நகரங்கள் யாவும் தளபதிகளின் உடைமைகளாகவே காட்சியளிக்கும். பிடித்தவன் பெயர் இருக்கும். பறிகொடுத்தவன் பெயரும் இருக்கும். கல் சுமந்தவன் பெயர் இராது. தறி நெய்தவன் பெயரும் இராது. புதுவை நகரின் கதையும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. மார்த்தேன் அமைத்தார், துய்ப்ளே வளர்த்தார், ஆங்கிலேயர் இடித்தனர் என்று மூன்று வரிகளில் முடித்துவிடுவர். அந்த வரிகளுக்கு இடையே நம்மவர் வாழ்ந்த வாழ்வு யாது? தோழர்களே, அதனை நாம்தாம் தேடியாக வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் வந்த பின்னரே அங்கு நாகரிகம் பிறந்தது என்பர் சிலர். நகருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ரோமானியச் சாடிகளும் இத்தாலியச் செந்நிறக் கலங்களும் வெளிப்பட்டன. நம் கோவை வட்டாரத்திலும் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்துள்ளன. அந்தக் கடற்றுறையும் நம் நொய்யற்கரைக் கொடுமணலும் அக்காலத்தே கடல்வணிகம் கண்டு செழித்தவை. கடல் கடந்தால் சாதி கெடும் என்ற கட்டுக்கதை தமிழன் தலையில் ஏற்றப்படுமுன் அவன் கடலைக் கண்டு அஞ்சியவன் அல்லன் என்பதற்கு அந்த உடைந்த ஓடுகளே சான்று.

பிரெஞ்சு வணிகக் கழகத்தார் புதுவையில் காலூன்றியது 1673, 1674ஆம் ஆண்டுகளில். துணிதான் அவர்களை ஈர்த்தது. 1693இல் டச்சுக்காரர் நகரைப் பிடித்தனர். 1699இல் திருப்பிக் கொடுத்தனர். 1742 முதல் 1754 வரை துய்ப்ளே ஆண்டார். அவருடைய துபாசியாயிருந்த ஆனந்தரங்கர் எழுதிவைத்த நாட்குறிப்பு அக்கால வாழ்வின் கண்ணாடி. அரசியல் சூழ்ச்சிகள் மட்டுமல்ல, ஏழை மக்களைக் களவாடி அடிமைகளாக விற்ற கொடுமையும் அதில் பதிவாகியுள்ளது. மொரீசியசுத் தீவுக்கும் பூர்போன் தீவுக்கும் கப்பலேறிய சரக்குகளில் மனிதரும் ஒரு சரக்கு! 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். அதன் பின்னும் பலமுறை கைமாறி, 1816இல் மீண்டும் பிரெஞ்சியர் கைக்கு வந்தது.

இன்று காணும் நேர்கோட்டு வீதிகளைப் புகழாதார் இல்லை. அவ்வீதிகளின் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரம், வெள்ளையர் நகரம். மேற்கே கறுப்பர் நகரம். வெள்ளையன் நிறத்தால் ஒரு கோடு கிழித்தான். அந்தக் கோட்டுக்கு மேற்கே நம்மவர் கிழித்த கோடுகளோ பல! வெள்ளாளர் வீதி, செட்டி வீதி, வைசியாள் வீதி என்ற பெயர்களே அதனைப் பறைசாற்றும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பாரிசு நகரம் முழங்கியது. அம்முழக்கம் கப்பலேறிப் புதுவைத் துறைக்கு வந்தது. வாய்க்காலைத் தாண்ட அதற்கு நெடுங்காலம் பிடித்தது.

தாண்ட வைத்தவர் யார்? 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார். அது குற்றமெனத் தண்டிக்கப்பட்டார். பணிந்து போகவில்லை, பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். 1881இல் வந்த ஆணைப்படி, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு வழி திறந்தது. அவ்வழி சென்றோரில் பெரும்பாலோர் கிறித்தவரும் ஒடுக்கப்பட்டோருமே. மேல்தட்டினர் ஒதுங்கினர், சாதி வழக்கத்தைக் காக்க முனைந்த சண்முக முதலியாரின் அணி தேர்தல் அரங்கில் ஓங்கி நின்றது. உரிமை கதவைத் தட்டியபோது உள்ளிருந்து தாழிட்டவர் வெள்ளையர் மட்டும் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்த போர் ஆலை வாயிலில் நிகழ்ந்தது. 1936 சூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கி வெடித்தது. பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முதலானோர் அப்போராட்டத்தை நாடறியச் செய்தனர். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அப்பன்னிருவர் சிந்திய குருதி, கோவை ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த நமக்கு அயலார் கதையன்று. 1946 சனவரி 8ஆம் நாள் தூக்கிலேறிய சின்னியம்பாளையத்துத் தோழர் நால்வரும் இதே பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களே.

பிரெஞ்சுக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகப் பல்லாண்டு பணிபுரிந்த பாரதிதாசன், சாதியைச் சாடும் கவிதைகளை இந்நகரில் இருந்தே தமிழுலகுக்கு வழங்கினார். 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர்; 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி நிறைவுற்றது. 2006இல் புதுச்சேரி என்ற தமிழ்ப்பெயர் அரசுப் பெயராயிற்று. ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையோ 2020இல் மூடப்பட்டது.

இன்று சுற்றுலாச் செல்வோர் கிழக்கே மஞ்சள் சுவர்களின் முன் நின்று படம் எடுத்துத் திரும்புகின்றனர். இளந்தோழர்களே, நீங்கள் சென்றால் வாய்க்காலைக் கடந்து மேற்கே நடந்து வாருங்கள். வீதிப் பெயர்களைப் படியுங்கள். ஆலைச் சுவர்களைப் பாருங்கள். சமத்துவம் என்னும் சொல்லைக் கல்லில் பொறித்தவனைக் காட்டிலும், அதைக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் கொண்டு சென்றவனே அந்நகரை உண்மையில் கட்டியவன். நம் ஊர்களிலும் தாண்டப்படாத வாய்க்கால்கள் உண்டு. அவற்றைத் தாண்டும் கால்கள் நம்முடையவை ஆகட்டும்!