வீதிப் பெயரில் விளங்கும் மாதர்
(டேர்பன் நகர வரலாறு காட்டும் உண்மை)

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்குக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏடு முதலியன சான்றாதல் போலவே, ஊர்ப்பெயரும் வீதிப்பெயரும் சான்றாகும். வீதிக்குப் பெயரிடும் உரிமை எக்காலத்தும் ஆட்சியுடையோர் கையிலேயே இருந்து வந்துள்ளது. ஆதலின், ஒரு நகரத்து வீதிகளின் பெயர்களை வரிசைப்படுத்தி நோக்குவோமாயின், அந்நகரை ஆண்டோர் எவரை மதித்தனர், எவரை மறந்தனர் என்பது புலனாகும். மறக்கப்பட்டோருள் முதலிடம் பெறுவோர் மாதரே. இவ்வுண்மையை ஆராய்தற்கு ஏற்ற களமாய் விளங்குவது தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரமாகும். தமிழர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்துவரும் அந்நகரில், இன்று ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயரும் வீதிப்பெயராய் வழங்குகின்றது.

முன்னர் நேட்டால் துறைமுகம் என வழங்கிய அவ்விடம், 1835 இல் கேப் குடியேற்றத்தின் தேசாதிபதியாயிருந்த சேர் பெஞ்சமின் டேர்பனின் பெயரைப் பெற்றது. நகரம் வளர வளர, அதன் பெருந்தெருக்களும் ஆட்சியாளர் பெயர்களையே தாங்கின. நேட்டாலின் முதல் உப தேசாதிபதி மாட்டின் வெஸ்ற் என்பார் பெயரால் வெஸ்ற் வீதியும், பிறர் பெயர்களால் சிமித் வீதி, கிறே வீதி முதலியனவும் அமைந்தன. இளவரசர் இருவர் பெயரால் எட்வேட் வீதியும் அல்பிரெட் வீதியும் தோன்றின. பெண்பெயர் ஒன்று சிறப்பிடம் பெற்றதெனின் அது விக்ரோறியா மகாராணியின் பெயரே. வீதியொன்றும் துறைமுகக் கரையோர நெடுஞ்சாலையொன்றும் அவர் பெயரைச் சுமந்தன. அரச குடும்பத்திற் பிறத்தலே பெண்ணொருத்தி வீதிப்பலகையில் ஏறுதற்குரிய தகுதியாயிருந்தது.

பிறிதொரு தகுதியும் இருந்தது. அஃது ஆள்வோர் ஒருவரின் மனைவியாதல். இதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. கண்டி மாநகரை அடுத்த உடவத்தகெலே வனத்தினூடே செல்லும் பாதைகள் ஹோட்டன் சீமாட்டி, கோடன் சீமாட்டி முதலாய தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்களைக் கொண்டுள்ளன. அவருள் ஹோட்டன் சீமாட்டி, 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மற் ஹோட்டனின் மனைவி. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1814 இல் இவரது எழிலைக் கண்டு வியந்து பாடிய கவிதை இன்றும் மாணவராற் கற்கப்படுகின்றது. எனினும், அவரது சொந்தப் பெயர் 'ஆன்' என்பதைப் பாதையின் பெயர் தெரிவிப்பதில்லை. பெயர் பெற்ற பெண்ணும் பெயரிழந்தே நிற்கின்றாள் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இனி, டேர்பனுக்குச் சென்ற நம்மவர் நிலையை நோக்குவோம். 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆந் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'திரூறோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு டேர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஆடவரோடு பெண்டிரும் உழைத்தனர். ஒப்பந்தம் முடிந்தோர்மீது 3 பவுண் தலைவரி விதிக்கப்பட்டபோது, அச்சுமை பெண்டிரையும் விட்டபாடில்லை. 1913 மார்ச்சு மாதத்தில் நீதிபதி சேர்ள் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நிகழாத மணங்களைச் சட்டத்தின்முன் செல்லாதனவாக்கிற்று. இந்து மணமும் இசுலாமிய மணமும் ஒருங்கே மதிப்பிழந்தன. அவ்வாண்டின் சத்தியாக்கிரகத்தில் மாதரும் குதித்தமைக்கு இத்தீர்ப்பு முக்கிய காரணமாயிற்று.

தோல்ஸ்தோய் பண்ணையிலிருந்து போராடப் புறப்பட்ட பெண்கள் பதினொருவர். அவருட் பெரும்பாலோர் தமிழர். கைக்குழந்தையுடன் சென்றோரும் அவருள் இருந்தனர். அவர்கள் நியூகாசில் நகரை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே நிலைமையை எடுத்துரைக்கவே, மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. 3 பவுண் வரியை ஒழித்த போராட்டத்தின் திருப்புமுனை இதுவே. இத்தகு செயலாற்றிய பதினொருவரையும் காந்தியடிகள் தமது தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்று நூலில் வரிசைப்படுத்திக் குறிப்பிட்டுள்ளார். ஆயின், மணமான ஒன்பதின்மர் 'திருமதி' என்னும் அடைமொழியோடு கணவர் பெயராலேயே குறிக்கப்படுகின்றனர். மணமாகாத இருவர் மாத்திரமே தத்தம் சொந்தப் பெயரால் அறியப்படுகின்றனர். நன்றி மறவாத ஒருவர், பாராட்டும் நோக்குடன் எழுதிய நூலின் நிலையே இது. தேசாதிபதியின் மனைவிக்கும் சிறை சென்ற தமிழ்ப் பெண்ணுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டெனினும், இருவர் பெயரையும் கணவர் பெயர் மறைத்தது என்பதில் வேற்றுமை இல்லை. அப்போராட்டத்திற் சிறைசென்று நோயுற்று, விடுதலையானபின் 1914 பெப்புருவரி 22 ஆந் திகதி தமது பதினாறாம் வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மை, தம் பெயராலேயே நிலைத்த அரிய சிலருள் ஒருவராவார்.

அதே 1913 ஆம் ஆண்டில், புளும்பொன்ரீன் நகரத்து ஆபிரிக்கப் பெண்கள் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்து எழுந்தனர். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், இரு வேறு இனத்துப் பெண்கள் தனித்தனியே நடாத்திய போராட்டங்கள் இவை. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திற் பட்டம் பெற்றுத் திரும்பிய சாலற் மக்செக்கே அம்மையார், 1918 இல் ஆபிரிக்கப் பெண்களுக்கெனத் தனிச் சங்கம் நிறுவினார்.

டேர்பன் நகரத் தமிழ்க் குடும்பமொன்றில் 1906 இல் பிறந்தவர் குணம் என்னும் பெயரால் விளங்கிய பெண்மணி. எடின்பரோ சென்று வைத்தியங் கற்று, 1936 இல் தாயகம் மீண்ட அவர், தென்னாபிரிக்க இந்தியருள் முதற் பெண் வைத்தியர் என மதிக்கப்படுகின்றார். இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்திய சட்டம் 1946 இல் நிறைவேறியபோது, அதனை எதிர்த்து அவ்வாண்டு சூன் 13 ஆந் திகதி டேர்பனில் சாத்துவிகப் போராட்டம் தொடங்கிற்று. ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்ற அப்போராட்டத்தின் முன்னணியில் நின்று, டாக்டர் குணமும் சிறையேகினார். நிறவெறியர் தம்மை இழித்துரைத்த சொல்லையே தலைப்பாக்கி, 'கூலி டாக்டர்' என்னுந் தம் வாழ்க்கை வரலாற்றை 1991 இல் வெளியிட்டார். நிறவேற்றுமையாட்சி வீழ்ந்ததைக் கண்ணாரக் கண்டபின், 1998 இல் மறைந்தார்.

இவர் காலத்திலேயே ஆபிரிக்கப் பெண்களின் போராட்டமும் உச்சம் எய்திற்று. 1956 ஆகத்து 9 ஆந் திகதி, ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிற்றோரியா நகரத்து அரசாங்க மாளிகையை நோக்கிச் சென்றனர். பிரதமர் ஸ்திரைடொம் அவர்களைச் சந்திக்கவில்லை. மனுக்களைச் சேர்ப்பித்துவிட்டு, அரைமணி நேரம் அசையாது மௌனமாய் நின்றனர். இப்பேரணியை முன்னின்று நடாத்தியோருள் லிலியன் இங்கோயி, எலன் யோசேப்பு ஆகிய இருவரும் அடங்குவர். முன்னவர் தையற்றொழிலாளி. பின்னவர் இங்கிலாந்திற் பிறந்து, இந்தியாவின் ஐதராபாத்தில் ஆசிரியப்பணி புரிந்து, பின்னர் தென்னாபிரிக்காவில் வாழ்ந்தவர். பிரதமரின் பெயர்கொண்ட பிரிற்றோரியாச் சதுக்கம், பேரணியின் ஐம்பதாம் ஆண்டாகிய 2006 இல் லிலியன் இங்கோயி சதுக்கம் எனப் பெயர் மாறிற்று.

டேர்பன் மாநகரசபையோ, 2008 இல் நூறளவிலான வீதிகளின் பெயர்களை மாற்றியமைத்தது. விக்ரோறியா வீதி, பேர்தா முகீசே வீதி ஆயிற்று. ஆசிரியப்பணியை விடுத்துத் தையற்றொழில் செய்து, அனுமதிச் சீட்டை எதிர்த்துப் போராடி, 1956 இல் இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்ட 156 பேருள் ஒருவராய் நின்ற பெண்மணி இவர். கரையோர நெடுஞ்சாலை மாகிறற் இம்னிகாடி பெயரைப் பெற்றது. பியாற்றிஸ் வீதி சாலற் மக்செக்கேக்கும், அல்பிரெட் இளவரசர் வீதி புளோறன்ஸ் இன்சாமாவுக்கும் உரியவாயின. பதினைந்தாண்டு சிறைவாசம் அனுபவித்து 1984 இல் விடுதலையான டொறதி நியெம்பேயும், மேற்கூறிய இங்கோயியும் யோசேப்பும் தனித்தனி வீதிகளைப் பெற்றனர். இந்திய வணிகர் நிறைந்த கிறே வீதிப் பகுதியில், எட்வேட் இளவரசர் வீதி 'டாக்டர் குணம் வீதி' எனப் பெயர் பெற்றது.

இம்மாற்றத்தை எல்லோரும் வரவேற்றனர் எனல் வரலாற்றுக்கு மாறாகும். புதிய பலகைகள் சில சிதைக்கப்பட்டன, வழக்குகளும் தொடுக்கப்பட்டன. மக்களின் கருத்தை முறையாகக் கேட்காது விரைந்து செய்தனர் என்பது ஒரு குறை. பழைய பெயரும் வரலாறாதலின் அதனை அழித்தல் தகாது என்பது பிறிதொன்று. முன்னையது புறக்கணிக்கத்தக்கதன்று, மக்கள் மனம் ஏற்காத பெயர் மக்கள் நாவில் நிலைப்பதில்லை. வீதியின் பெயர் மாறிய பின்னரும், அங்குள்ள சந்தை 'விக்ரோறியா வீதிச் சந்தை' என்றே வழங்குகின்றது. பின்னையதற்கு விடை எளிது. பழைய பெயர்களும் முன்னிருந்தவற்றை மூடியே எழுந்தன. விக்ரோறியாவின் வரலாறு நூல்களில் நிறைந்து கிடக்கின்றது. பேர்தா முகீசேயின் வரலாற்றை அறியாத சிறுவன், அவர் யார் என வினவுதற்கு அப்பலகையே முதற் காரணமாகலாம்.

எனினும், பலகை வினாவை எழுப்புமேயன்றி விடை கூறாது. விடை கூறவேண்டியவை நூலும் பள்ளியுமே. டாக்டர் குணத்தின் பெயர் வீதிக்கு வந்தமைக்கு, அவர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்தமை பெருந்துணையாயிற்று. தந்தை பெயரோ கணவர் பெயரோ சாராது, தாம் கற்ற கல்வியின் பட்டத்தோடு அவர் பெயர் அங்கே நிற்கின்றது. 1913 இல் நியூகாசிலுக்குச் சென்ற தமிழ்த் தாய்மாரின் தொண்டு இவரது தொண்டிற் குறைந்ததன்று. ஆயினும், அவர்க்கு வீதியமைக்க விரும்பும் சபை முதலில் அவர்தம் பெயரைத் தேடவேண்டியிருக்கும்.

நம் ஊர்களிலும் திண்ணைப் பள்ளி நடாத்தியோர், நோயாளரைப் பேணியோர், கோயிலுக்கும் கல்விச்சாலைக்கும் நிலம் ஈந்தோர் எனப் பெண்மணிகள் பலர் வாழ்ந்து மறைந்தனர். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாயார்' என்றே அவரை ஊர் அறியும். அவர்தம் பெயரை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அப்பெயர்களைக் கேட்டறிந்து ஏட்டில் எழுதிவைத்தல், வரலாறு கற்கும் மாணவர் இன்றே தொடங்கக்கூடிய பணியாகும். ஏட்டில் நிலைத்த பெயரே நாளை வீதியில் ஏறும்.