நியோப்ரீன்

குளோரோப்ரீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் செயற்கை ரப்பர். 1930இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில், வாலஸ் கரோதர்ஸ் குழுவின் ஆர்னால்ட் காலின்ஸ் கண்டறிந்தார். 1931இல் விற்பனைக்கு வந்தது.

சங்கிலியிலுள்ள குளோரின்தான் இதன் பலம். வெயில், ஓசோன், உப்புநீர் எதிலும் எளிதில் வெடிப்பு விழாது. தீச்சுடரை விலக்கினால் தானே அணையும். இயற்கை ரப்பர் தண்ணீரில் மிதக்கும். நியோப்ரீனின் அடர்த்தி ஏறத்தாழ 1.23, உப்பு பூக்கத் தொடங்கும் நிலையிலுள்ள செறிந்த நீரிலும்கூட மூழ்கிவிடும்.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் பம்பு வாஷருக்கு இது மிகப் பொருத்தமானது: அங்கே உப்புநீரும் கிரீசும் சேர்ந்தே படும், கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிப்போகும். டீசலில் ஊறும் இடத்துக்கு மட்டும் நைட்ரைல் ரப்பரே மேல். அசிட்டோன் நியோப்ரீன், நைட்ரைல் இரண்டுக்கும் ஆகாது.