வீட்டோ யார் கையில்?

2016 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆந் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில், வாக்களித்த பிரித்தானிய மக்களுள் 51.9 சதவீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலக வேண்டுமெனத் தீர்ப்பளித்தனர். அவ்வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த விவாதங்களைத் தொகுத்து நோக்குவோர்க்கு இரண்டு சொற்கள் ஓயாது ஒலிப்பது கேட்கும். ஒன்று, வீட்டோ என்னும் தடுப்பதிகாரம். மற்றது, வர்த்தக ஒப்பந்தம். எமக்கு வேண்டாததைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரசெல்ஸ் பறித்துக்கொண்டது, உலக நாடுகளோடு எம் விருப்பப்படி ஒப்பந்தஞ் செய்யவும் எமக்கு உரிமையில்லை என்பது விலகலை வேண்டியோர் வாதம். முக்கியமான விடயங்களில் வீட்டோ இன்னும் எம்மிடமே உண்டு என்பது மற்றையோர் மறுமொழி. இரு சாராரும் ‘எம்’ என்ற சொல்லைத் தாராளமாக வழங்கினர். அந்த ‘எம்’முள் அடங்குவோர் யாவர் என்று வினவியோர் மிகச் சிலரே.

வீட்டோவின் கசப்பை முன்னரே நன்கு சுவைத்த நாடு பிரித்தானியா. 1963 இலும் 1967 இலும் பிரான்சின் அதிபர் டி கோல், ஏனைய ஐந்து நாடுகளும் இசைந்திருந்தும், பிரித்தானியா பொதுச் சந்தையுட் புகாவண்ணம் தடுத்தார். இடையில், 1965 ஜூலை தொடக்கம் 1966 ஜனவரி வரை, தம் அமைச்சர்களை அமைச்சர் சபைக்கு அனுப்பாது நாற்காலியை வெறுமையாக விட்டுவைத்தார். பெரும்பான்மை வாக்கினால் முடிவெடுக்கும் முறை விரிவடையவிருந்தமை அவர் சினத்துக்கு ஒரு காரணம். விவசாய மானியப் பணம் மற்றொரு காரணம். ஈற்றில் லக்சம்பேர்க்கில் ஓர் இணக்கம் பிறந்தது. ஒரு நாட்டின் மிக முக்கிய நலன் சம்பந்தப்பட்டவிடத்து ஒருமித்த முடிவு எட்டும்வரை பேச வேண்டும் என்ற பிரான்சின் நிலைப்பாடு அதிற் பதிவாயிற்று. எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படாத இவ்வழக்கமே பல ஆண்டுகள் வீட்டோவாக வாழ்ந்தது. 1975 இல் தொழிற்கட்சிப் பிரதமர் ஹரோல்ட் வில்சன் சர்வசன வாக்கெடுப்பு நடத்தியபோது, பிரித்தானிய அமைச்சர் ஒருவரின் சம்மதமின்றி முக்கியமான புதிய கொள்கை எதுவும் உருவாக மாட்டாது என்று வீடுதோறும் அனுப்பப்பட்ட அரசாங்கப் பிரசுரம் உறுதி கூறியது. 67 சதவீதத்தினர் அங்கத்துவத்தை ஆதரித்தனர்.

பின்னர் அந்த வீட்டோ எங்கே போயிற்று? பிரசெல்ஸ் அதிகாரிகள் இரவோடிரவாகக் களவாடிச் சென்றனர் என்பது போன்ற கதையை விலகல்வாதிகளின் பத்திரிகைகள் பல ஆண்டுகள் பரப்பின. வரலாறு கூறுவது வேறு. 1986 இல் கைச்சாத்தாகி 1987 இல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தின் மூலம், சந்தையை ஒன்றாக்கும் விடயங்களிற் பெரும்பாலானவற்றில் ஒருமித்த சம்மதம் தேவையில்லை என ஏற்றுக்கொண்டவர் மார்கிரட் தட்சர். அச்சந்தைத் திட்டத்தை வகுத்தவரும் அவர் அனுப்பிய ஆணையாளரான கொக்ஃபீல்ட் பிரபுவே. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் எல்லைகளைத் தாண்டிப் பாய வேண்டியிருந்தன. அதற்குத் தடையாகச் சிறு நாடொன்றின் வீட்டோ நிற்கலாகாது. ஆனால் அதே சட்டம் மூன்று விடயங்களில் ஒருமித்த சம்மதம் வேண்டும் என்ற விதியைப் பேணிற்று: வரி, ஆட்களின் சுதந்திர நடமாட்டம், தொழிலாளரின் உரிமைகள். மூலதனம் விரைந்து செல்ல வேண்டிய பாதையில் வீட்டோ அகற்றப்பட்டது. தொழிலாளி வர வேண்டிய பாதையில் அது கல்லாகக் கிடந்தது. ஒப்பந்தங்களை வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளாத எவர்க்கும் இது புலனாகும்.

அக்கல்லைத் தட்சரும் அவர் பின் வந்தோரும் நன்கு பயன்படுத்தினர். 1989 இல் தொழிலாளரின் அடிப்படைச் சமூக உரிமைகள் பற்றிய சாசனத்தை ஏற்காத ஒரே அங்கத்துவ நாடு பிரித்தானியா. வாரத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுப்படுத்தும் 1993 ஆம் ஆண்டுப் பணிப்புரை, தொழிலாளர் உரிமை என்ற பெயரிலன்றிச் சுகாதாரமும் பாதுகாப்பும் என்ற பெயரில், பெரும்பான்மை வாக்கினால் நிறைவேற்றப்பட்டது. பிரித்தானிய அரசாங்கம் ஐரோப்பிய நீதிமன்றம் சென்று வழக்காடி 1996 இல் தோல்வியுற்றது. ஆங்கிலத் தொழிலாளியின் ஓய்வு நேரம் ஆங்கில வீட்டோவைச் சுற்றிக்கொண்டே வர வேண்டியிருந்தது! இதனால் ஒன்றியத்தைத் தொழிலாளரின் தாய்வீடெனக் கருதுதல் பேதைமை. 2015 ஜூலையில் கிரேக்க மக்களுள் 61 சதவீதத்தினர் கடன்காரரின் நிபந்தனைகளை நிராகரித்தனர். ஒரு வாரம் கழிந்தபோது அவர்தம் அரசாங்கம் அதனினும் கடிய நிபந்தனைகளுக்குத் தலைவணங்கியது.

வர்த்தகத்துக்கு வருவோம். 1973 இல் பொதுச் சந்தையிற் சேர்ந்தபோது தனியாக வர்த்தக ஒப்பந்தஞ் செய்யும் உரிமையைப் பிரித்தானியா விட்டுக்கொடுத்தது. நியூசிலாந்தின் வெண்ணெய்க்குச் சேர்வு உடன்படிக்கையிலேயே தனி ஏற்பாடு கிடைத்தது. இலங்கை, இந்தியா, பாக்கிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்குக் கிடைத்ததோ வர்த்தக உறவு வளர்க்கப்படும் என்ற எண்ணப் பிரகடனம் ஒன்றுதான். மேசையில் ஆசனம் இல்லாதவனுக்கு வீட்டோ ஏது?

விலகும்போது இந்த உண்மை பிரித்தானியாவுக்கே திரும்பி வந்தது. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50 ஆம் உறுப்புரை 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விலகுவதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. விலகல் ஒப்பந்தத்தை ஏற்க, எஞ்சிய 27 நாடுகளுள் 20 நாடுகளும் அவற்றின் மொத்தச் சனத்தொகையில் 65 சதவீதமும் போதும். ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் சம்மதமும் வேண்டும். எனவே தனியொரு நாட்டுக்கு வீட்டோ இல்லை. ஆனால் ஈராண்டுத் தவணையை நீடிப்பதற்கோ 27 நாடுகளும் ஒருங்கே இசைய வேண்டும். விலகும் நாடு தன்னைப் பற்றிய விவாதத்திற் கலந்துகொள்ளவும் இயலாது. 2019 ஏப்ரிலில் தெரேசா மே வெளியே காத்திருக்க, அவர் நாட்டுக்கு எத்தனை மாத அவகாசம் கொடுக்கலாம் என ஏனைய தலைவர்கள் இரவிரவாக வாதாடினர்.

இனி, வர்த்தக ஒப்பந்தம் அமைச்சர்களை மட்டும் தாண்டினாற் போதுமா, ஒவ்வொரு நாட்டுப் பாராளுமன்றத்தையும் தாண்ட வேண்டுமா என்ற வினாவும் எழுந்தது. அதற்கு ஒரு முன்னுதாரணம் 2016 ஒக்டோபரிலேயே தோன்றியிருந்தது. கனடாவுடனான ஒப்பந்தம் பல்லாண்டுப் பேச்சின்பின் கைச்சாத்துக்கு ஆயத்தமாயிருந்த வேளையில், பெல்ஜியத்தின் ஒரு பகுதியான வலோனியாவின் பாராளுமன்றம் அதனை மறுத்தது. வலோனியாவின் சனத்தொகை ஏறக்குறைய 36 இலட்சம். ஒன்றியத்தின் சனத்தொகை அன்று 50 கோடிக்கு மேல். நிலக்கரியாலும் உருக்காலும் ஒரு காலத்திற் செழித்து, சுரங்கமும் ஆலையும் மூடப்பட்டபின் வேலையின்மையில் வாடிய பிரதேசம் அது. அவ்வாண்டு செப்டெம்பரில்தான் கொஸ்லி என்னும் ஊரிலுள்ள கேற்றபிலர் ஆலை மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேரின் வேலை அதனோடு போகவிருந்தது. முதலீட்டாளர் அரசாங்கங்களைத் தனி நீதிமன்றத்தில் வழக்குக்கு இழுக்கும் ஏற்பாடு குறித்தும் விவசாயிகளின் நிலை குறித்தும் வலோனியாவின் சோசலிச முதல்வர் போல் மஞ்யெத் ஐயங்களைக் கிளப்பினார். பிரசெல்சிலும் ஒட்டாவாவிலும் பெருங் கூச்சல் எழுந்தது. சில நாட்களில் விளக்கப் பிரகடனம் ஒன்று சேர்க்கப்பட்டு, ஒக்டோபர் 30 ஆந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வலோனியா பெற்றது அதிகமன்று. முதலீட்டாளர் நீதிமன்றம் ஒன்றிய உடன்படிக்கைகளோடு முரண்படவில்லையென 2019 இல் ஐரோப்பிய நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆயினும் இத்தகைய ஒப்பந்தத்தின் வாசகங்கள் பொதுமக்கள் முன் வாதிக்கப்பட்டமை சிறிய காரியமன்று.

பிரித்தானியாவுடனான ஒப்பந்தத்தை இவ்விதியினின்றும் காக்க ஒன்றியத்தார் வழி கண்டனர். 2020 டிசம்பர் 24 ஆந் திகதி முடிவான அது ஒன்றியம் மட்டுமே செய்யும் ஒப்பந்தமாக வகுக்கப்பட்டது. தேசியப் பாராளுமன்றங்களின் வாயில்களைத் தட்ட வேண்டியதில்லையாயிற்று. மறு கரையிலும் நிலைமை சிறந்ததன்று. 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வொப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் டிசம்பர் 30 ஆந் திகதி ஒரே நாளில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் இரு சபைகளையும் கடந்தது.

நாம் தொடக்கத்தில் விட்டுவைத்த வினா இங்கேதான் கூர்மையடைகின்றது. ஸ்கொட்லாந்தில் 62 சதவீதத்தினரும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதத்தினரும் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தனர். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் சம்மதித்தாலன்றி விலகலாகாது என்னும் ஏற்பாட்டை ஸ்கொட்லாந்துத் தேசியக் கட்சியினர் 2015 இல், வாக்கெடுப்புக்கான சட்டமூலம் விவாதிக்கப்பட்டபோதே, வேண்டினர். அது தோற்கடிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் பிராந்தியச் சபைகளுக்கு வீட்டோ இல்லையென ஐயமறத் தீர்த்தது. அவற்றின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் அரசியல் வழக்கமேயன்றிச் சட்டமன்று. பிரசெல்சிடம் தேசத்தின் வீட்டோவைக் கோரியவர்கள், தம் கூரையின் கீழுள்ள தேசங்களுக்கு அதனை மறுத்தனர். ஒரே நாடு, ஒரே வாக்கு, பெரும்பான்மையின் தீர்ப்பு என்று கூறினர். இலங்கை வாசகர்க்கு இவ்வாதத்தின் ஓசை புதிதன்று.

மீட்கப்பட்டதாகக் கூறப்பட்ட அதிகாரம் எங்குச் சென்று சேர்ந்தது என்பதற்கு அவுஸ்திரேலிய ஒப்பந்தம் சான்று. பிரித்தானியாவில் உடன்படிக்கை செய்யும் அதிகாரம் முடியின் பெயரால் அமைச்சர்களிடம் இருக்கின்றது. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடன்படிக்கையை 21 அமர்வு நாட்கள் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். மக்கள் சபை அதனைத் தாமதப்படுத்தலாம், திருத்த இயலாது, வாக்கெடுக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. வர்த்தக ஒப்பந்தங்களுக்கு மக்கள் சபையின் சம்மதம் பெற வேண்டும் என்ற திருத்தம் 2020 ஜூலையில் தோற்கடிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நீண்ட காலத்தில் அதனால் வரும் நன்மை தேசிய உற்பத்தியில் 0.08 சதவீதம் என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் சந்தை திறந்துவிடப்பட்டதை வேல்சிலும் ஸ்கொட்லாந்திலும் ஆடு வளர்ப்போர் எதிர்த்தனர். வலோனியாவுக்குக் கனடா ஒப்பந்தத்தில் இருந்த அதிகாரத்தில் ஒரு துளியேனும் அவர்தம் சபைகளுக்கு இல்லை. 2022 ஜூலையில் மக்கள் சபையில் விவாதமின்றியே அந்த 21 நாட்களும் கழிந்தன. அவ்வாண்டு நவம்பரில், பேச்சுவார்த்தைக் காலத்தில் விவசாயத்துக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த ஜோர்ஜ் யூஸ்டிஸ், பதவியிழந்து பின்வரிசைக்கு வந்தபின், அது நல்ல ஒப்பந்தமன்று, பிரித்தானியா அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்துவிட்டது என்று அதே சபையில் எழுந்து கூறினார்.