சிறார் மனநலப் புறநோயாளர் சிகிச்சை: திருச்சிராப்பள்ளி

சிறாரை வீட்டையும் பள்ளியையும் விட்டுப் பிரிக்காமல் அளிக்கப்படும் மனநல மருத்துவத்தில், குறித்த நாளில் மருத்துவரைக் கண்டு திரும்புவது புறநோயாளர் சிகிச்சை எனவும், பகலில் சில மணிநேரம் தங்கிப் பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி முதலியவற்றைப் பெற்று மாலையில் வீடு திரும்புவது பகல்நேரப் பராமரிப்பு எனவும் வழங்கப்படும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-இல் முதலில் தொடங்கப்பட்டது திருச்சிராப்பள்ளியில்தான். 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளை ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளை ஒருமுறையும் பார்வையிட்டு, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன.

பயிற்சியின் பெரும்பகுதி விளையாட்டாகவே நடைபெறும். மரக்கட்டைகளை அடுக்கும் குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, கேட்டதை எடுத்துத் தருகிறதா என்று உளவியலர் கவனித்து, அதையே வீட்டில் தொடரத் தாய்க்குக் கற்றுத்தருவார். திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பகுதியினர் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குக் காவிரியைக் கடந்தே வரவேண்டியிருக்க, கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாள் ஊதிய இழப்பாகிறது. சிகிச்சை இடையில் நின்றுபோகாதிருக்க, இவ்விழப்பையும் மருத்துவத் திட்டத்துக்குள் கருதுவதே நியாயம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017), சமூகத்திலேயே அளிக்கத்தக்க மாற்றுச் சிகிச்சைகள் பயனளிக்காதபோது, அல்லது பொருந்தாதபோது மட்டுமே, 18 வயதுக்குட்பட்டோரை உள்நோயாளராகச் சேர்க்க இடமளிக்கிறது. அப்போதும் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்கப்படவும், பெற்றோரோ பொறுப்பாளரோ உடன் தங்கவும் வேண்டும்.