காதில்லாத கேட்பவர்

கல்லூரி மாணவர்களின் மீள்திறனைக் கணினியும் கைபேசியும் வளர்த்துவிடும் என்கிற சொல்லாடலுக்கு ஒரு முன்கதை உண்டு. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்னும் கணினி நிரலை அறிமுகப்படுத்தினார். மனநல மருத்துவர் பாவனையில், நாம் தட்டச்சு செய்கிற வாக்கியத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை எழுதுவதை மாதக்கணக்கில் கூட இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்தப் பெண்ணே நாலு வார்த்தை அதனோடு பேசிய கையோடு, வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. ஏமாளி என்று சிரிப்பது சுலபம். எனக்கென்னவோ, தன்னைப் பற்றி முடிவுகட்டாத ஒரு செவி அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்றுதான் படுகிறது. வைசன்பாம் அதிர்ந்துபோனார். மனிதர் மனிதருக்குச் செய்யவேண்டியதை எந்திரத்திடம் தள்ளக்கூடாது என்று 1976இல் புத்தகமே எழுதினார். (பாவசங்கீர்த்தனம் பற்றிப் பேசும் ஃபூக்கோவின் 'பாலியல் வரலாறு' முதல் தொகுதி வந்ததும் அதே ஆண்டு. நம் ஆட்கள் வைசன்பாம் பக்கம் போகவேயில்லை.) ஆனால் 1966இலேயே ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பியும் சகாக்களும் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள்: ஒரு கணினி அமைப்பு மணிக்குப் பல நூறு நோயாளிகளைப் பார்த்துவிடும். கடைசியில் ஜெயித்தது இந்தக் கணக்குதான்.

2017இல் வோபாட் என்ற உரையாடல் நிரலின் சோதனை முடிவுகள் வெளிவந்தன. ஆய்வாளர்கள் அதே ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள். 18 முதல் 28 வயது வரையிலான 70 பேர், இரண்டு வாரம். 34 பேர் நிரலோடு பேசினார்கள். மற்றவர்களுக்குக் கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு பற்றிய ஒரு மின்நூல். நிரலோடு பேசியவர்களின் மனச்சோர்வு குறைந்தது. பதற்றமோ இரண்டு குழுவிலுமே குறைந்தது. பொய் என்று சொல்ல வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராத மாணவிக்கு அது உதவியிருக்கும். ஆனால் ஒப்பிட்டது புத்தகத்தோடு. உட்கார்ந்து கேட்கிற ஓர் ஆளோடு ஒப்பிடவில்லை. கட்டுரையாசிரியர்களில் ஒருவர் வோபாட்டின் நிறுவனர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மீள்திறன் என்பது உலோகத்துக்கும் சொல்வதுதான். சுமையை எடுத்தபிறகே உலோகம் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மாணவர் விஷயத்தில் சுமையை யாரும் எடுப்பதில்லை. கல்விக் கடன், தேர்வு, நிச்சயமில்லாத வேலை எல்லாம் அப்படியே இருக்க, தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் தன்னிலை ஒன்று உற்பத்தி செய்யப்படுகிறது. நிமிராவிட்டால் குற்றம் அவர் தலையில்.

2025 ஜூன் 30 அன்று வோபாட் செயலி மூடப்பட்டது. நடத்தியது கம்பெனி, கல்லூரியல்ல. ஆகவே மறுநாள் யாரிடம் பேசுவது என்று எந்த நிர்வாகத்தின் கதவையும் போய்த் தட்ட வழியில்லாமல் போச்சு.